முந்திச் சிரித்த அக்கா

போன வருடம் லண்டனில் என் தம்பியின் மகளுக்குக் கல்யாணம். சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே தம்பியின் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரும் அவருடைய மனைவியும் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் எழுபது தாண்டியிருக்கும். வடையை முள்ளுக்கரண்டியால் வெட்டிக்கொண்டே, அந்த நாளில் தொலைக்காட்சியில் பார்த்த அமெரிக்க நகைச்சுவைத் தொடர் ஒன்றைப் பற்றி அவர்களுக்குள் வழக்கு. பல் டொக்டர் ஒருவர், மனைவியை இழந்தவர், மாமியாரோடு ஒரே வீட்டில் மாட்டிக்கொண்டவர். அதுவரைக்கும் இருவருக்கும் ஞாபகம் இருந்தது. சமையலறை யன்னலால் ஏறி உள்ளே விழுகிறவன் தபால்காரன் என்றார் அவர். இல்லை, பால்காரன் என்றார் மனைவி. தொடரின் பெயர் இரண்டு பேருக்கும் வரவில்லை. தம்பியைக் கேட்டால் அவனுக்கு அந்த யன்னல் மட்டும்தான் ஞாபகமாம்.

"பைப் திருத்துகிறவன்," என்றேன் நான்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். விடுவேனா? மாமியார் பல் டொக்டரின் கதிரையில் ஏறி இருந்துகொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்த கதை, பைப்காரன் தன் கல்யாணத்துக்கும் யன்னலால் வந்த கதை, எல்லாவற்றையும் ஒரு காட்சி விடாமல் சொன்னேன். வெள்ளைக்காரர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டார். சுவிஸில், ஜெர்மன் மொழியில் என்றேன். அப்படியென்றால் அப்போதே உங்களுக்கு நல்ல ஜெர்மன் தெரியுமோ என்று கேட்டார். ஒரு சொல்லும் தெரியாது என்றேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து இரண்டு பேரும் சிரித்தார்கள். கல்யாணப் பந்தியில் வைத்து அந்தக் கதையை முழுவதும் சொல்ல முடியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அது எண்பத்தாறு. வில் நகரத்திலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் ஒரு சின்ன ஊர். அங்கே மூடிக்கிடந்த பழைய சாப்பாட்டு விடுதி ஒன்றில் எங்களைப் போட்டிருந்தார்கள். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற பதினொரு தமிழர். பெடியள் ஏழு பேர், நான், என் கணவர், நான்கு வயது மகள், பிறகு அக்கா. அக்காவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. பெயரை எழுதமாட்டேன். அங்கே ஒருவரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. என்னைவிட அரை அடி உயரம், கொழும்பில் தைத்த நேரான பாவாடை, கையில் எப்போதும் ஒரு மடித்த கைலேஞ்சி. நடக்கும்போது அந்த வீடு அவருடைய சொந்த வீடு, நாங்கள் விருந்தாளிகள் என்பது போல இருக்கும்.

அவரிடம் இல்லாத ஒரு சொல் இருந்தது. "தெரியாது" என்ற சொல். எதைக் கேட்டாலும் பதில் வரும். இந்தப் பனி எப்போது நிற்கும் என்று கேட்டால் நாள் சொல்வார். எங்கள் விண்ணப்பத்துக்கு எப்போது முடிவு வரும் என்று கேட்டால் மாதம் சொல்வார். ஒன்றும் அவர் சொன்னபடி நடக்காது. அது அவரை ஒரு இம்மியும் பாதிக்காது.

ஒரு முறை சூரிச்சில் மிளகாய்த்தூள் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நாங்கள் நான்கு பேர் கிளம்பினோம். வில் ஸ்ரேஷனில் அக்கா பலகையை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "இதுதான், ஏறுங்கோ," என்றார். ஏறினோம். இறங்கிப் பார்த்தால் சென் காலன். நேர் எதிர்ப்பக்கம்.

"அக்கா, இது சூரிச் இல்லையே?" என்றேன்.

"ஓம். சூரிச்சுக்கு எந்த நாளும் போகலாம். இதையும் ஒருக்காப் பார்க்கத்தானே வேணும்," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். மிளகாய்த்தூள் இல்லாமல் மூன்று கிழமை சோறு தின்றோம். எனக்கு மூக்குக்கு மேலே கோபம். அவரோ திரும்பி வருகிற ரயிலில் குறட்டை விட்டுத் தூங்கினார்.

இப்படிப்பட்டவரை ஏன் நம்பினீர்கள் என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் ரீவி.

விடுதியின் பழைய சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு ரீவி இருந்தது. பின்னேரம் ஆறு மணிக்கு அமெரிக்கத் தொடர்களை ஜெர்மன் பேசவைத்துப் போடுவார்கள். நாங்கள் வந்த புதிதில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. பெட்டிக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத சனம் கொல்லென்று சிரிக்கும். நாங்கள் ஊமைகளாகப் பார்த்துக்கொண்டிருப்போம். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் இருப்பது ஒரு பெரிய அவமானம் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

அக்கா வந்து சேர்ந்த இரண்டாம் நாள். பல் டொக்டர் தொடர் தொடங்கியது. அக்கா வாசலில் நின்றபடியே அதைப் பார்த்தார். கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு முன்வரிசையில் இருந்தார். கொஞ்ச நேரத்தில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் சிரித்து முடிக்கும்போதுதான் பெட்டிக்குள்ளே இருந்த சனம் சிரித்தது.

"அக்கா, என்னவாம்?" என்று பெடியள் கேட்டார்கள்.

"மாமியாருக்குக் கட்டின பல்லுச் செட்டை நாய் கொண்டுபோட்டுதாம். இவன் நாயின்ரை வாயைத் திறந்து பார்க்கிறான், நாய்க்கும் ஒரு பல்லுச் சொத்தையாம்!"

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அதுதான் வேலை. "அக்கா, என்னவாம்?" அக்கா சொல்வார். பதினொரு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். மருந்துக்கும் சிரிக்காத என் கணவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அக்கா சொன்னபடியே அடுத்த காட்சி வரும். யன்னலைக் கையால் காட்டுவார், பைப்காரன் விழுவான். இப்படி ஒருவர் ஜெர்மன் பேசத் தெரியாமல் இருப்பாரா? எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. சென் காலன் போன ரயிலைக்கூட மன்னித்துவிட்டோம்.

ஒரே ஒரு நாள் மட்டும் பிசகியது. பல் டொக்டர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். "இவர் இப்ப எழும்பிப்போய்த் தண்ணி குடிப்பார்," என்றார் அக்கா. பல் டொக்டர் எழும்பவே இல்லை. அக்கா லேஞ்சியால் மூக்கைத் துடைத்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார். நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

என் மகளைப் பற்றிச் சொல்லவேண்டும். நான்கு வயதாகியும் பத்துப் பன்னிரண்டு சொல்தான் பேசுவாள். கூப்பிட்டால் வரமாட்டாள். பிடிவாதக்காரி என்று நான் ஏசுவேன். பயணத்தில் பயந்துவிட்டாள், போகப்போகச் சரிவரும் என்பார் கணவர். எனக்கோ உள்ளுக்குள் பயம். மூளை வளர்ச்சி குறைவோ என்ற நினைப்பை வாய்விட்டுச் சொல்லவே அஞ்சினேன். அந்த ரீவிதான் எனக்கு ஆறுதல். ஆறு மணி ஆனால் மகள் ஓடிப்போய் அக்காவுக்குப் பக்கத்தில் இருப்பாள். அக்கா முந்திச் சிரிப்பார், அவரோடு சேர்ந்து மகளும் முந்திச் சிரிப்பாள். "இவள் அக்கான்ரை வாரிசு, இவளுக்கும் ஜெர்மன் விளங்குது," என்று பெடியள் தூக்கிச் சுற்றுவார்கள். இவ்வளவு சிரிக்கிற பிள்ளைக்கு என்ன குறை என்று நான் மனதைத் தேற்றிக்கொள்வேன்.

பெப்ரவரி மாதம் வாசற்கதவில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. ஊராட்சியின் முத்திரை, புதன்கிழமை, பகல் ஒன்றரை மணி. அவ்வளவும் எங்களுக்கே தெரிந்தது. மிச்சத்துக்கு அக்காவைக் கூப்பிட்டோம். அவர் மேலிருந்து கீழாக ஒரு தரம், கீழிருந்து மேலாக ஒரு தரம் பார்த்தார்.

"கார்னிவல் ஊர்வலம். முகமூடி போட்டுக்கொண்டு வாத்தியத்தோட வருவினம். பிள்ளையளுக்கு இனிப்பு எறிவினமாம். எல்லாரும் வெளிக்கிட்டு நில்லுங்கோ."

அது கார்னிவல் காலம்தான். கடைகளில் முகமூடிகள் தொங்கின. நாங்கள் நம்பினோம். புதன்கிழமை மத்தியானமே சாப்பிட்டு முடித்து, மகளுக்குச் சிவப்புக் கோட் மாட்டி, கூடத்தில் காத்திருந்தோம். பெடியள் தலை வாரி இழுத்து, செருப்பு மாற்றி, கல்யாண வீட்டுக்கு நிற்கிற மாதிரி நின்றார்கள்.

ஒன்றரைக்குச் சைரன் அடித்தது.

சுவிஸில் வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்கு ஊர் ஆபத்துச் சைரனை அடித்துச் சோதித்துப் பார்ப்பார்கள். பயப்படவேண்டாம் என்று சொல்வதற்குத்தான் அந்த அறிவித்தலே. எங்களுக்கு யார் சொன்னது? யாழ்ப்பாணத்தில் ஹெலிகொப்டர் சூட்டுக்கும் பொம்பர் விமானத்தின் குண்டுக்கும் தப்பி ஓடிவந்தவர்கள் நாங்கள். ஏறி ஏறி இறங்கி ஊரையே கூவிய அந்தச் சத்தத்தில் ஈரல் கருகிவிட்டது. "பொம்பர்! பொம்பர்!" என்று ஒருவன் கத்தினான். கதிரைகள் விழுந்தன. நிலவறைப் படிகளில் ஆளையாள் இடித்துக்கொண்டு இறங்கினோம். இருட்டில் ஒருவரை ஒருவர் தடவிப் பார்த்தோம். நான் கணவரைக் கேட்டேன், பிள்ளை எங்கே? அவர் என்னைக் கேட்டார், உன்னட்டை இல்லையோ?

படிகளில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. சைரன் இன்னும் கூவிக்கொண்டிருந்தது. கூடத்தின் நடுவில் மகள் சிவப்புக் கோட்டோடு தரையில் இருந்தாள். யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சோடா மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பெயர் சொல்லிக் கத்தினேன். திரும்பவில்லை. பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு மூடியை எடுத்து மற்றதன் மேலே வைத்தாள். தோளைத் தொட்டேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். என்னைக் கண்டு சிரித்தாள்.

என் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை. அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. யன்னலுக்கு வெளியே ஒரு கிழவர் அவசரமில்லாமல் ஆறுதலாகப் பனி தள்ளிக்கொண்டிருந்தார், எங்களைப் பார்த்துக் கையும் காட்டினார்.

நிலவறையிலிருந்து ஏறி வந்த பெடியள் அக்காவைச் சுற்றிக்கொண்டார்கள். "ஊர்வலமோ அக்கா? நல்ல ஊர்வலம்!"

"சைரன் அடிச்சுத்தான் தொடங்குறாங்களாக்கும்," என்றார் அக்கா. முகம் வெளிறித்தான் இருந்தது. ஆனாலும் தெரியாது என்று வாயால் வரவில்லையே!

விடுதிப் பொறுப்பாளரான சுவிஸ்காரர் வில் நகரத்தில் ஒரு காது டொக்டரிடம் நாள் வாங்கித் தந்தார். மொழிக்கு யாரைக் கூட்டிப்போவது? அக்காவை விட்டால் ஆள் இல்லை. எனக்கு அவர்மேல் கோபம் ஆறவில்லை. என்றாலும், அவசரத்தில் ஒரு அறிவித்தலைப் பிழையாக வாசித்துவிட்டார், காதால் கேட்டால் விளங்கும்தானே, ரீவியில் நாங்கள் பார்த்தோம்தானே என்று என்னை நானே சமாதானம் செய்தேன்.

டொக்டர் மகளின் காதுக்குள் விளக்குப் பிடித்துப் பார்த்தார். தலையில் பெரிய கருவியை மாட்டிச் சோதித்தார். பிறகு ஒரு தாளில் படம் கீறி, நீளமாக, வேகமாகச் சொன்னார். கடைசியில் இன்னொரு தாளை நீட்டி, ஒரு கோட்டைக் காட்டி, பேனையை என் கையில் தந்தார்.

"அக்கா, என்னவாம்?"

அக்கா வாயைத் திறந்தார். "டொக்டர் சொல்லுறார்..." என்று தொடங்கினார். மகள் அவருடைய மடியில் இருந்துகொண்டு அவருடைய முகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா குனிந்து அவளைப் பார்த்தார். வாயை மூடினார்.

"தெரியாது," என்றார்.

"என்ன?"

"எனக்குத் தெரியாது, பிள்ளை. எனக்கு ஜெர்மன் தெரியாது. ஒரு சொல்லும் தெரியாது. நீ அந்தப் பேனையைக் கீழ வை."

பேனையை மேசையில் வைத்தேன். அக்கா நிமிர்ந்து, டொக்டரைப் பார்த்து, சுத்தமான ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். எனக்கு ஜெர்மன் வராது, தயவுசெய்து ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். டொக்டருக்கும் ஆங்கிலம் வந்தது. ஒவ்வொரு வசனத்தையும் அக்கா இரண்டு தரம் கேட்டார். விளங்கிய பிறகுதான் எனக்குத் தமிழில் சொன்னார். செவிப்பறைக்குப் பின்னால் பசைமாதிரித் தண்ணி கட்டி நிற்குது. அதுதான் கேக்கேல்லை. மூளையில ஒரு பிழையுமில்லை. மயக்கிப்போட்டு அந்தத் தண்ணியை எடுத்து, சின்னக் குழாய் வைக்கவேணும். அதுக்குத்தான் கையெழுத்து. நான் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "அப்ப இவ்வளவு நாளும் எங்களைப் பேய்க்காட்டினீங்களோ? ரீவியில சொன்னதெல்லாம் பொய்யோ?"

"பொய்யில்லை," என்றார் அக்கா. "அதெல்லாம் கொழும்பில பார்த்தது. இங்கிலிஷில. கம்பனியில ரைப்பிஸ்ரா இருந்தன். என்ரை இவர்தான் ரீவி வாங்கினவர். ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் போடுவாங்கள். ஆர் முந்திச் சிரிக்கிறது எண்டு எனக்கும் இவருக்கும் போட்டி."

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அந்த வீட்டைக் கொளுத்தியதும், அவர் கணவரின் உயிர் அந்தத் தெருவிலேயே போனதும் எனக்குத் தெரியும். மற்றது தெரியாது.

"தோக்கப்போறார் எண்டு தெரிஞ்சால் எழும்பித் தண்ணி குடிக்கப் போயிடுவார், கள்ளன்," என்றார். அன்றைக்குப் பல் டொக்டர் எழும்பிக் குடிக்காத தண்ணீரின் கணக்கு எனக்கு அப்போதுதான் சரிவந்தது. "பிறகு மூண்டு வருசம் நான் சிரிக்கேல்லை. இஞ்ச வந்து பார்த்தால் அதே பல் டொக்டர். வேற பாஷை கதைச்சான், எனக்குக் கேட்டது பழைய குரல்தான். என்னவாம் அக்கா எண்டு கேட்டீங்கள். சொன்னன். ஜெர்மன் தெரியுமோ எண்டு ஆர் கேட்டது?"

"அந்தச் சைரன்?"

"அது என்ரை பிழை," என்றார். பிறகு மகளின் தலையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "இன்னொண்டும் என்ரை பிழை. இவள் ஒரு நாளும் ரீவியைப் பார்த்துச் சிரிக்கேல்லை, பிள்ளை. என்ரை முகத்தைப் பார்த்துச் சிரிச்சவள். நான் அதைக் கவனிச்சிருக்கவேணும்."

நான் கோபத்தில் பத்து நாள் அவரோடு கதைக்கவில்லை. ஆனால் பெடியளிடம் அவருடைய இரகசியத்தைச் சொல்லவும் இல்லை. பின்னேரம் ஆறு மணிக்கு அந்தக் கூடத்தில் கேட்கிற சிரிப்பை நிறுத்த எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

சத்திரசிகிச்சை நடந்தது. விடுதிக்குத் திரும்பி வந்த முதல் நாள் மகள் தண்ணீர்ப் பைப்பைத் திறந்தாலும் காதைப் பொத்தினாள், கோப்பை முட்டினாலும் காதைப் பொத்தினாள். கேட்கிறது என்று கணவர் துள்ளினார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. சத்தம் கேட்பது வேறு, அது என்ன சத்தம் என்று பிடிபடுவது வேறு. கூப்பிட்டால் இன்னும் முகத்தைத்தான் தேடினாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் பல் டொக்டர் தொடர். மாமியார் கேக்கோடு சமையலறையிலிருந்து வந்தவுடன் அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"இது பிறந்தநாள் கதை," என்று காதுக்குள் சொன்னார். "ஆரும் விழமாட்டினம், ஆரும் யன்னலால வரமாட்டினம். மேசையைச் சுத்தி இருந்து கதைக்கிறது மட்டும்தான். படத்தைப் பார்த்துச் சிரிக்க ஒண்டுமில்லை. நீ சிரிக்காதை. நானும் சிரிக்கமாட்டன்."

சொல்லிவிட்டு எழும்பிப்போய் ரீவிக்குப் பக்கத்தில், மகளுக்கு நேரே முகம் தெரிகிற மாதிரி நின்றார். முகத்தைக் கல்லாக்கிக்கொண்டார். மேசையில் பேச்சு ஓடியது. வழமையாக அக்கா குலுங்குகிற இடம் வந்தது. அவர் அசையவில்லை. உதடு மட்டும் துடித்தது. லேஞ்சியை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்துக்கொண்டார். மகள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"அக்கா, என்னவாம்?" என்றான் ஒரு பெடியன்.

"தெரியாது," என்றார் அக்கா.

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் பெட்டிக்குள்ளே இருந்த சனம் கொல்லென்று சிரித்தது.

மகள் திடுக்கிட்டாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழும்பி ரீவிக்குக் கிட்டப் போய், காதை அதன்மேல் வைத்தாள். உள்ளே இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மகளும் சிரித்தாள். யாருடைய முகத்தையும் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் அக்கா சிரித்தார். லேஞ்சியால் முகத்தைப் பொத்திக்கொண்டு, அன்றைக்கு ஒரு நாள் மட்டும், எல்லாருக்கும் கடைசியாக.